பெருமாளுக்கு நான் ஓய்வு கொடுக்கவில்லை

சம்பத்துக்கு அம்மா எழுதுவது. ஆசீர்வாதம் எப்போதும்போல உண்டு. கோபம் வந்தால் அதை நிறுத்திவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நானும் அப்பாவும் சௌக்கியம். மைசூரில் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. இதற்கு மேல் வருவது எதுவும் உனக்கு இனிக்கப் போவதில்லை, அதனால் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து படி.

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் வந்து சேர்ந்தன. ஆகாசத்தில் சுற்றுகிற உங்கள் பழைய தொலைநோக்கியை இனியும் ஓட்டுவதா, அணைத்துவிடுவதா என்று முடிவு செய்கிற, நீ இருக்கிற அந்த நாட்டுப் பாராளுமன்ற நிதிக் குழுவின் முன்னால் நீ சாட்சி சொன்னதையும், பக்கத்தில் உன் போட்டோவையும் போட்டிருக்கிறார்கள். டை கட்டிக்கொண்டு, கல்யாணத்தன்றுகூட இல்லாத சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறாய். "அம்மா, உன்னைப் பற்றித்தான் பேசினேன், எல்லாரும் கை தட்டினார்கள்" என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறாய். பத்திரிகைத் துண்டை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்தானே, எனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்று மறுபடியும் படித்தேன். சரியாகத்தான் புரிந்திருந்தது.

நீ சொன்னது இது. "என் அம்மா இந்தியாவில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். சில்லறைச் செலவைக்கூட எழுதி வைப்பாள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த கடவுள் ஒருவர் இருந்தார். அவர் சாப்பிடாமல் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஆனால் என் படிப்பு முக்கியமா, அந்தப் பழைய வழிபாடு முக்கியமா என்று வந்தபோது, அவள் கடவுளுக்கே ஓய்வு கொடுத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். எது முதலில், எது பிறகு என்பதை நான் அவளிடம் கற்றேன். கடவுளையே ஓய்வில் அனுப்பலாம் என்றால் ஒரு தொலைநோக்கியை அனுப்பக் கூடாதா?" குழுத் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "உங்கள் அம்மாவை எங்கள் கஜானாவுக்கு அனுப்பிவையுங்கள்" என்றாராம். அவருக்கு வேறு என்ன வேண்டும்? அணைக்கவேண்டும் என்று முன்னாலேயே தீர்மானித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு, அதைப் புண்ணியமாக்கிக் காட்ட ஏதோ ஒரு ஊர் பக்திமாமி கிடைத்தாள். நீ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற மலரில் உன் பேச்சைத் தமிழாக்கி, "மைசூர்த் தாயின் புகழ் கடல் கடந்தது" என்று தலைப்பும் வைத்துப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா, தமிழ் படிக்கத் தெரியாதவள், யாரோ சொல்லிக் கேட்டு வாழைப்பழமும் பூவுமாக வந்து, "ஏன்ரீ, அத்தனை பெரிய சபையிலே பெற்ற தாயை நினைச்சானே, நீங்க புண்ணியவதி" என்று கன்னடத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழத்தைச் சாப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. மலரின் செயலாளரிடம் போய், பதில் எழுதினால் போடுவீர்களா என்று கேட்டேன். "குடும்ப விஷயமில்லையா மாமி" என்றார். "அவன் பேசினதைப் போட்டபோது அது என்ன விஷயம்?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, கொஞ்சம் மென்மையா எழுதுங்கோ" என்றார். இதுதான் என் மென்மை.

அந்தத் தொலைநோக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ எழுதித் தெரிந்ததுதான். அது பார்க்கிற வெளிச்சம் மனுஷக் கண்ணுக்கே தெரியாதாம். அதை நீ எத்தனை தடவை விளக்கியும் எனக்குப் பிடிபடவில்லை, பிடிபட்டதாக நான் காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில் நீ எழுதின கடிதங்கள் ஞாபகம் இருக்கின்றன. "நான் இங்கே சொன்னால் அது அங்கே மெல்லத் திரும்புகிறது அம்மா, பாரவண்டி திரும்புகிற மாதிரி" என்று எழுதினாய். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தபோது, முதலில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினவர்களில் நாங்களும் உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதினாய். சில வருஷம் உழைத்தால் போதும் என்று மேலே அனுப்பினதாம். அந்தக் கெடுவை அது எப்போதோ தாண்டிவிட்டது. திசையைப் பிடித்து நிறுத்துகிற சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, ஒவ்வொரு தடவையும் உங்களில் யாரோ உட்கார்ந்து யோசித்து, மிச்சமிருப்பதை வைத்தே அதை நேராக நிறுத்தினீர்கள். அப்போதெல்லாம் அதைக் 'கிழவி' என்று எழுதுவாய். கிழவி இன்றைக்கு அடம் பிடித்தாள், கிழவி நாங்கள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள் என்று. பத்திரிகைத் துண்டில் அதற்குப் பெயர் 'காலாவதியான சொத்து'. அதுவும் உன் வாயால் வந்த வார்த்தைதான். கிழவி நேற்று வரைக்கும் படம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அதே கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் காலாவதியானது எது?

அணைக்கிறதற்கு அந்தப் பெரிய மனுஷர்கள் சொல்கிற காரணத்தையும் படித்தேன். பணம் மக்களுக்கு வேண்டுமாம். எந்த மக்களுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை. அடுத்த பத்தியிலேயே, அதைப்போலப் பல மடங்கு செலவில் புதுத் தொலைநோக்கி கட்டப்போவதும், அதன் பாகங்கள் எந்தெந்த உறுப்பினரின் ஊரில் எந்தெந்தத் தொழிற்சாலையில் செய்யப்படும் என்பதும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நான் விமானம் ஏறி அங்கே வரவேண்டியதில்லை. நம் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. வால்வு திறக்கிற மனுஷர் ரிடையர் ஆனார், அந்த இடத்துக்கு இன்னொருவரைப் போடவில்லை, அவ்வளவுதான் கோளாறு. அதற்கு ஒரு தலைவர் வந்து மாலை போட்டுக்கொண்டு, புதுத் தொட்டிக்கு அடிக்கல் நாட்டி, தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்கப்போவதாகப் பேசிவிட்டுப் போனார். தாய்மார்கள் என்றால் நான்தான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வால்வுக்கு ஒரு ஆளைப் போடு, கண்ணீரை நானே துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பேன். கல் இன்னும் இருக்கிறது. பெயர் பொறித்த பக்கத்தில் ஜெயம்மா அப்பளம் காயவைக்கிறாள். இருப்பதை நடத்திக்கொண்டு போனால் யாருக்கும் மாலை விழாது, போட்டோ வராது. இந்த ஜாதி மனுஷர்களை நான் எந்த நாட்டில் பார்த்தாலும் அடையாளம் தெரிந்துகொள்வேன். அவர்கள் நடுவில் உன்னைப் பார்த்ததுதான் புதிது.

இப்போது நீ கை தட்டல் வாங்கின கதைக்கு வருகிறேன். அதை நீ அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சொன்னாய் என்று சொல்லி உன்னைத் தப்பவிட மாட்டேன். பாதி உனக்கு நன்றாகவே தெரியும்.

உனக்குப் பூணூல் போட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஆபீஸ் வேலையாகச் சாமராஜநகர் போய்ப் போய்த் தங்கின காலம். அவர் இல்லாத நாளில் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்கிற பொறுப்பு உன்னுடையது. படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும்: எங்கள் வீட்டுப் பெருமாள் என்பது ஒரு சாளக்கிராமம், உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் கல். மரப்பெட்டிக்குள் இருப்பார். ஆண்பிள்ளைகள்தான் தொடலாம். தினமும் அவருக்கு நீராட்டி, துளசி சாற்றி, ஆக்கினதைக் காட்டி, மணி அடித்த பிறகுதான் வீட்டில் இருக்கிறவர்கள் சாப்பிடுவது. நான் குளித்து ஈரப்புடவையோடு தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், பண்ணிக் கொண்டுவந்து வைப்பேன். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். மணிச் சத்தம் கேட்டால் நான் வெளியிலிருந்து சேவித்துக்கொள்வேன். ஒருநாள் நெய்க் கிண்ணத்தை வைக்க மறந்துபோய்க் கதவைத் தள்ளினேன். பெட்டி திறக்கவே இல்லை. உன் மடியில் நட்சத்திரப் புஸ்தகம் விரித்திருந்தது. கண் புஸ்தகத்தில், இடக்கை மணியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாடா இப்படி?" என்றேன்.

"பரீட்சை வருதும்மா."

"நான் கேட்டது அது இல்லை."

"மணிச் சத்தம் கேட்டாத்தானே நீ சாப்பிடுவே. அதுக்குத்தான் அடிச்சேன்."

உன் கரிசனம் அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. நான் பட்டினி கிடக்கக் கூடாதே என்று நினைத்த பிள்ளை, உள்ளே ஒருவர் பட்டினி கிடப்பதை நினைக்கவில்லை. நினைக்காததோடு நில்லாமல், எல்லாம் நடந்ததாக எனக்கு ஒரு சத்தத்தையும் காட்டினாய். நிதிக் குழுவின் முன்னால் நீ பேசினதைப் படித்தபோது முதலில் என் காதில் விழுந்தது அந்த மணிதான். பெட்டியைத் திறக்காமல் மணியை மட்டும் அடிக்கிற வித்தையை நீ இன்னும் மறக்கவில்லை. கேட்கிறவர்கள் கூட்டம்தான் பெரிதாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாத பாதி. நான் அப்பாவிடம் சொன்னேன், அப்பா அவர் அண்ணாவிடம் சொன்னார். உன் பெரியப்பா பெங்களூரிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "பையன் மேல படிக்கணும். பெரிய இடத்துக்குப் போகவேண்டிய மூளை. இதையெல்லாம் கட்டிண்டு அழ முடியுமா? ஆத்தங்கரைக் கோயில்ல கொடுத்துடு, அவா பார்த்துப்பா" என்றார். நான் சமையலறை வாசலில் நின்று, "ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் பெட்டியைத் தொடாமல் வெளியிலேயே பாலும் பழமும் நான் காட்டறேனே" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவைப் பார்த்து, "உங்காத்துல இனிமே பொம்மனாட்டிதான் ஆராதனமா?" என்றார். அப்பா, "அவ சும்மா சொல்றா அண்ணா" என்றார். நான் காபியை ஆற்றிக் கொண்டுவந்து வைப்பதற்குள் தீர்மானம் முடிந்துவிட்டது. உன் குழுவும் இதைவிட நன்றாக நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடத்தில் இருக்கிறவர்கள் எது முக்கியம் என்று முடிவு பண்ணுகிறார்கள், அடுப்படியில் நிற்கிறவள் அதை நடத்துகிறாள். பிறகு யாராவது ஒருவன் எழுந்து, அவள்தான் முடிவு பண்ணினாள் என்று பாராட்டுகிறான்.

பெரியப்பா சொன்ன அந்தக் கோயிலை நான் போய்ப் பார்த்தேன். கொடுத்துவிட்டுப் போன சாளக்கிராமங்கள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கொண்டைக்கடலை மாதிரிக் குவிந்து கிடந்தன. அர்ச்சகர் பொய் சொல்லவில்லை. "இங்க விட்டா எல்லாருக்கும் சேர்த்து ஒரே தீர்த்தம்தான் மாமி. உங்களவர் எதுன்னு அப்புறம் வந்து கேக்கப்படாது" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், பெட்டி அசையாது என்றேன். அப்பாவுக்கு என் அந்தக் குரல் தெரியும். இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெரியவரைக் காலில் விழுந்து கூப்பிட்டு, அவர் வந்து செய்ய, நாட்களை ஓட்டினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். கடைசியில் மேல்கோட்டையில் கல்யாணச் சமையலுக்குப் போகிற நரசிம்மன் என்று ஒருவன், கல்யாணமாகி ஒரு வருஷம், தனக்கென்று பெருமாள் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவன், கிடைத்தான். உன் பெரியப்பா, "சமையக்காரனுக்கா?" என்று கடுதாசி போட்டார். அதற்கு நான் பதில் போடவில்லை.

நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாளில்தான் புறப்பட்டோம். அப்பா குளித்துவிட்டு யாரையும் தொடாமல், வாயைத் திறக்காமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில் தளிகைப் பாத்திரத்தோடு. கண்டக்டர் வந்தான். "ஸ்வாமி, பெட்டியில என்ன?" அப்பா பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். "ஏன், பேச மாட்டாரா?" என்று என்னைக் கேட்டான். "இன்னிக்குப் பேச மாட்டார்" என்றேன். "பெட்டியில யாரு, பாம்பா?" "பெருமாள்" என்றேன். நீட்டின கையை இழுத்துக்கொண்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கு டிக்கெட்டு வேணுமே" என்றான். "பெரியவர்தான், முழு டிக்கெட்டே போடு" என்றேன். "வேண்டாம் போங்க. மடியில உக்காந்து வர்றவங்களுக்கு நாங்க டிக்கெட் போடறதில்லை" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் நின்றவர்களை இடிக்காமல் நிற்கச் சொல்லி அதட்டினான். அந்தக் கண்டக்டருக்கு இருந்த மரியாதை உன் குழுவில் யாருக்காவது இருந்ததா என்று பத்திரிகைத் துண்டில் தேடினேன்.

மேல்கோட்டையில் நரசிம்மனின் மனைவி வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தாள். சின்னப் பெண். என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, "எங்காத்துல தினம் பருப்பும் நெய்யுமா முடியாது மாமி. சில நாள் வெறும் தயிர்சாதம்தான் இருக்கும். கோச்சுப்பாரா?" என்றாள். "வேளைக்கு வந்தாப் போறும்" என்றேன். அன்றைக்குக் கொண்டுபோன தளிகையை அங்கேயே காட்டினார்கள். ஒரு வேளையும் தவறவில்லை. இதைத்தான் நீ ஓய்வு என்கிறாய். அன்றைக்கு ஓய்வு கிடைத்தது உனக்கு. சாயங்காலம் வந்தாய், பெட்டி இருந்த மாடத்தைப் பார்த்தாய், காலியாக இருந்தது. எங்கே என்று கேட்கவில்லை. "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாய். பஸ்ஸில் கொண்டுபோனோம் என்று பிறகு அப்பா சொன்னதைக் கேட்டதோடு சரி. கேட்காமல் விட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து நீயே ஒரு பதில் கட்டி, வேற்று நாட்டுச் சபையில் விற்றுவிட்டாய். கணக்கு எழுதுகிறவள் என்று என்னைப் பற்றிச் சொன்னாயே. கணக்கு எழுதுகிறவள் விற்றதையும் கொடுத்ததையும் தூக்கி எறிந்ததையும் ஒரே பத்தியில் எழுதமாட்டாள். உனக்கு அந்த மூன்றுக்கும் நடுவில் வித்தியாசமே தெரியவில்லை.

தெரியவில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்காக. ஏதோ ஒரு சின்ன நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சிலபேர், கிழவியை அணைக்காதீர்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், எங்களிடம் ஆள் குறைவு, இயந்திரங்களும் பழசு, தினம் முழுக்கப் பார்க்க முடியாவிட்டாலும் முடிந்தவரை பார்க்கிறோம் என்று எழுதிக் கேட்டார்களாம். "உணர்ச்சிவசப்பட்ட கோரிக்கை அம்மா. குழுவிடம் அதைச் சொல்லவில்லை, நேரம் வீண்" என்று எழுதியிருக்கிறாய். கடவுளைப் பஸ்ஸில் ஏற்றின கதை சொல்ல நேரம் இருந்தது. கேட்டு வந்தவர்களின் பெயரைச் சொல்ல நேரம் இல்லை. அந்தக் கோரிக்கை சபைக்கு வந்தால் அணைக்கச் சொல்வது கஷ்டம். கிழவி உயிரோடு இருந்தால் புதியதற்கு வாங்குகிற பணத்தைப் பற்றி யாராவது வாய் திறப்பார்கள். புதியதற்குத் தலைமை உனக்கு வரும் என்று பத்திரிகைத் துண்டிலேயே இருக்கிறது. இதையெல்லாம் நீ சேர்த்து எழுதவில்லை. வரிசையாக வைத்துப் படித்தால் எனக்கே தெரிகிறது. அணைத்த பிறகு திரும்ப ஏற்ற முடியாது என்பதும் நீ முன்னொரு தடவை எழுதினதுதான். ஒரே ஒரு கட்டளை போதுமாம், பிறகு கூப்பிட்டாலும் பதில் வராதாம்.

பெருமாளும் தொலைநோக்கியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது மனுஷன் செய்த இயந்திரம். அதையும் இதையும் ஒரே தராசில் வைத்தது நீ. அதற்காகவே உன்னை ஒரு நாள் முழுக்கத் திட்டலாம். ஒருவேளை அணைக்கவேண்டியதுதானோ என்னவோ. அதைச் சொல்ல உனக்குப் படிப்பு இருக்கிறது, காகிதம் இருக்கிறது, படம் இருக்கிறது. அவற்றை வைத்துச் சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன், பேச எனக்கு யோக்கியதையும் கிடையாது. அவை போதவில்லை என்றதும் என் ஈரப்புடவையைக் கொண்டுபோய்ச் சபையில் விரித்தாயே, அதைத்தான் கேட்கிறேன். சொல்கிறதில் வலு இருக்கிறவன் எதற்கு அம்மாவைக் கூப்பிடுகிறான்?

அப்பாவிடம் பத்திரிகைத் துண்டைக் காட்டினேன். "நன்னாத்தானே பேசியிருக்கான், விடேன்" என்றார்.

"ஏன்னா, பெருமாளை அனுப்பணும்னு தீர்மானம் பண்ணினது யார்?"

"எல்லாருமாத்தான் பண்ணினோம்."

"எல்லாரும்னா நானுமா?"

"நீ காபி கொடுத்தியே" என்றார்.

மறுநாள் உன் பெரியப்பா பெங்களூரிலிருந்து போன் பண்ணினார். அப்பாவே சொல்லியிருக்கவேண்டும். "பிள்ளை முன்னுக்கு வர்ற சமயம். நீ ஏதாவது எழுதிக் கிழுதி வைக்காதே. யாரு அம்மா பேச்சை அங்க கணக்குல எடுத்துக்கப் போறா?" என்றார். "அவன் எடுத்திருக்கானே, சபையே எடுத்துண்டிருக்கே" என்றேன். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

இன்று காலை தபாலாபீஸ் போய், உன் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். பத்திரிகைத் துண்டிலேயே அந்தக் குழுத் தலைவரின் பெயரும் சபையின் பெயரும் இருந்தன; அது போதும், சேரும் என்று கௌண்டரில் இருந்தவர் சொன்னார். என் இங்கிலீஷில் ஒரு பக்கம்தான் எழுதினேன், இப்படி. உங்கள் சபையில் பேசப்பட்ட அந்த அம்மாள் நான். நான் எதற்கும் ஓய்வு கொடுக்கவில்லை. எங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனபோது, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்களைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் தொலைநோக்கியையும் அப்படிக் கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று என் பிள்ளை எனக்கு எழுதியிருக்கிறான். அதை உங்களிடம் சொன்னானா என்று அவனைக் கேளுங்கள். அவ்வளவுதான். இலக்கணம் எங்காவது தப்பியிருக்கும்.

கார்த்திகை பிறந்ததும் குழு மறுபடி கூடுகிறது, கடைசியாகப் பேசுவதும் நீதான் என்று எழுதியிருக்கிறாய். என் காகிதத்தை அந்தத் தலைவர் படிப்பாரோ, கூடையில் போடுவாரோ. ஒருவேளை படித்தால் உன்னைப் பார்த்துக் கேட்பார், இந்த அம்மாள் சொல்வது நிஜமா என்று. பக்கத்தில் உன் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். நீ சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் தடுமாறுகிறது" என்று சொன்னால் அத்தனை பேரும் நம்புவார்கள். மறுபடியும் கை தட்டினாலும் தட்டுவார்கள். புதியதற்குத் தலைமையும் உனக்கே கிடைக்கும், இன்னொரு பக்கம் கிழவிக்கு அந்த ஒரே கட்டளையும் போய்ச் சேரும். ஞாபகம் தடுமாறுகிறது என்கிற அந்த வார்த்தை உனக்குச் சுலபமாக வாயில் வரும் என்று தெரிந்துதான், நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே உனக்கும் ஊருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

எனக்கு வயசாகியிருக்கிறது. மறக்கவில்லை.

அம்மா